ஒரு நொதி குறைந்தால் சிவப்பணு என்ன பாடுபடும்? ஜி6பிடி குறைபாடு பற்றி நம்மவர்கள் கேட்கும் கேள்விகள்

பர்மாவில் மோல்மீன், தட்டோன், ரங்கூன் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களில் யாருக்காவது ‘ஜி6பிடி குறைவு’ என்று எழுதிய தாள் வந்துவிட்டால் அன்று சாயங்காலமே என் போன் அடிக்கும். ஜி6பிடி என்பது சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி; முழுப் பெயர் குளூக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ். நான் டாக்டர் இல்லை. 20 வருஷத்துக்கு மேல் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவன். தாள் இங்கிலீஷில் இருக்கும், டாக்டர் விளக்கியது பர்மியத்தில், வீட்டில் பாட்டிக்குச் சொல்ல வேண்டியதோ தமிழில். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எழுதிவைக்கிறேன். மருந்தை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டரிடம் பேசித்தான் செய்ய வேண்டும்.

செல்லுக்கும் ‘ஸ்ட்ரெஸ்’ வருமா? அது மனுஷனுக்குத்தானே?

வரும். ஆனால் கடன் தொல்லை, தூக்கமின்மை என்று நாம் சொல்லும் ஸ்ட்ரெஸ் வேறு. செல்லின் அன்றாட வேலையைக் குலைக்கிற எதுவும் அதற்கு ஸ்ட்ரெஸ்தான். காய்ச்சல் சூடு, சர்க்கரை கிடைக்காமல் போவது, நச்சு, சரியாக மடியாத புரதங்கள் குவிவது, ஆக்சிஜனிலிருந்தே பிறந்து கண்டதையெல்லாம் கடிக்கும் மூலக்கூறுகள் என்று அது பல வகை. ‘அழுத்தம்’ என்று எழுதினால் பிரஷர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதனால் ‘நெருக்கடி’ என்றே எழுதுகிறேன்.

பரம்பரை வளர்சிதை மாற்றக் கோளாறு என்று டாக்டர் சொன்னார். அப்படியென்றால்?

சோறு சர்க்கரையாகிறது, சர்க்கரை சக்தியாகிறது, மிச்சம் கொழுப்பாகிறது. இப்படி ஒன்று இன்னொன்றாக மாறிக்கொண்டே போவதுதான் வளர்சிதை மாற்றம். ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி, அதாவது என்சைம், உட்கார்ந்து வேலை செய்கிறது. அந்த நொதிக்கான மரபணு பிறவியிலேயே பிசகியிருந்தால் அந்தப் படி மட்டும் மெதுவாகும், அல்லது நின்றுவிடும். அப்போது படிக்கு முன்னால் உள்ளது குவியும், பின்னால் வரவேண்டியதற்குத் தட்டுப்பாடு வரும்.

இதை முதலில் கண்டுகொண்டவர் ஆர்ச்சிபால்ட் கேரட் என்ற ஆங்கிலேய டாக்டர். காற்றுப் பட்டதும் சிறுநீர் கறுத்துப்போகும் அல்காப்டன்யூரியா என்ற கோளாறைப் பற்றி 1902இல் எழுதினார். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் பல பேர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்பதையும் கவனித்துச் சொன்னார். அந்த விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

நூற்றுக்கணக்கான கோளாறுகள் இருக்கும்போது ஜி6பிடியை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

இரண்டு காரணம். மற்றவை பெரும்பாலும் அபூர்வம். இது உலகம் முழுக்க சுமார் 40 கோடிப் பேருக்கு இருப்பதாகக் கணக்கு. மலேரியா இருந்த ஊர்களில் கூடுதல், பர்மாவும் அதில் அடக்கம். இன்னொன்று, நெருக்கடி வந்தால் செல் என்ன செய்யும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கோளாறு எனக்குத் தெரிந்து இல்லை. சும்மா இருக்கும் நாளில் இந்தக் குறைபாடு உள்ளவருக்கு ஒன்றும் தெரியாது. உழுவார், மூட்டை தூக்குவார், தீ மிதிப்பார். எண்பது வயது வரை இது இருப்பதே தெரியாமல் வாழ்ந்துவிட்டுப் போனவர்களும் உண்டு. நெருக்கடி வரும் நாளில்தான் குட்டு வெளிப்படும்.

சரி, சிவப்பணுவுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

சிவப்பணு விசித்திரமான ஜீவன். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போது எல்லாச் செல்லையும் போல அதற்கும் உட்கரு உண்டு. ரத்தத்தில் இறங்குவதற்கு முன் அதை வெளியே துப்பிவிடும். கொஞ்ச நாளில் சக்தி செய்யும் மைட்டோகாண்ட்ரியாவையும், புரதம் செய்யும் ரைபோசோம்களையும் கழற்றிப் போட்டுவிடும். ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்புப் புரதமான ஹீமோகுளோபினுக்கு இடம் வேண்டுமே. அதற்குப் பிறகு சுமார் 120 நாள், புதிதாக ஒரு புரதம்கூடச் செய்ய முடியாது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு ரயில் ஏறியவனைப் போலத்தான். வழியில் கடை கிடையாது, மூட்டையில் இருப்பதை வைத்தே ஊர் போய்ச் சேர வேண்டும்.

அது சுமப்பதோ ஆக்சிஜன். ஆக்சிஜனும் இரும்பும் ஒரே பையில் இருந்தால் துரு பிடிக்கத்தானே செய்யும்? சிவப்பணுவுக்குள் ஓயாமல் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்றவை உண்டாகிக்கொண்டே இருக்கின்றன. அவற்றை அடக்க குளூட்டதையோன் என்ற சிறு மூலக்கூறு இருக்கிறது. அது தானே ஆக்சிஜனேற்றம் அடைந்து பெராக்சைடைத் தண்ணீராக்கிவிடும். ஒரு தடவை வேலை செய்த குளூட்டதையோன் மறுபடி பழைய நிலைக்கு வர என்ஏடிபிஹெச் என்ற பொருள் வேண்டும். மற்றச் செல்களுக்கு அதைச் செய்ய வேறு வழிகளும் உண்டு. சிவப்பணுவுக்கு இருப்பது ஒரே வழி. அந்த வழியின் முதல் படியில் உட்கார்ந்திருப்பதுதான் ஜி6பிடி.

சாதாரண நாளில் சிவப்பணு எடுத்துக்கொள்ளும் குளூக்கோஸில் சிறு பங்குதான் இந்த வழியில் போகும். நெருக்கடி வந்தால் என்ஏடிபிஹெச் செலவாகும். அது குறைவதே ஜி6பிடியை முடுக்கும். போதாததற்கு, சக்தி செய்யும் வழியில் உள்ள ஒரு நொதி ஆக்சிஜனேற்றத்தால் தானாகவே மந்தமாகும். அங்கே போகவேண்டிய குளூக்கோஸ் இங்கே திரும்பும். யாரும் உத்தரவு போடவில்லை, உட்கருவும் இல்லை, இருந்தும் சில நொடிகளில் வழி திரும்பிவிடுகிறது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

குறைபாடு உள்ள சிவப்பணுவிலும் வழி திரும்பத்தான் செய்கிறது. ஆனால் அங்கே வேலை செய்ய ஆள் இல்லை. குளூட்டதையோன் தீர்ந்துபோகும். அடுத்த அடி ஹீமோகுளோபினுக்கு. அது உருக்குலைந்து கட்டிகட்டியாகி செல்லின் உள்சுவரில் ஒட்டிக்கொள்ளும். மெத்தில் வயலட் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வட்டத்தின் ஓரத்தில் ஊதா மை சொட்டியது போல ஒன்றிரண்டு புள்ளிகள் தெரியும். 1890இல் ராபர்ட் ஹைன்ஸ் என்ற ஜெர்மானியர் பார்த்துச் சொன்னதால் அவற்றுக்கு ஹைன்ஸ் புள்ளிகள் என்று பேர். இந்தச் செல்கள் மண்ணீரல் வழியாகப் போகும்போது அங்குள்ள காவல் செல்கள் அந்தக் கட்டியை மட்டும் பிய்த்தெடுக்கும். மிச்சம் வெளியே வரும் செல், பிள்ளை ஓரம் கடித்து வைத்த பூரி மாதிரி இருக்கும். பல செல்கள் அதற்கும் தாங்காது. ரத்தக் குழாயிலேயே உடைந்து ஹீமோகுளோபினைக் கொட்டிவிடும்.

மாத்திரை போட்ட அன்று ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்தான் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. ஏன்?

தேய்வதற்கு நேரம் எடுக்கும். குளூட்டதையோன் தீர வேண்டும், ஹீமோகுளோபின் கட்டியாக வேண்டும், செல் உடைய வேண்டும். பெரும்பாலும் 1 முதல் 3 நாளுக்குள் தெரியும். உடைந்த செல்களின் ஹீமோகுளோபின் சிறுநீரகம் வழியாக வடிவதுதான் அந்த நிறம். கூடவே கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும், இடுப்பு வலிக்கலாம். அப்படிக் கண்டால் காத்திருக்க வேண்டாம், அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் சிறுநீரைப் பிடித்து எடுத்துப் போவது நல்லது. வாயால் ‘கறுப்பா போச்சு’ என்று சொல்வதைவிட அது சீக்கிரம் வேலை செய்யும்.

இன்னொரு விஷயம். நொதி வயதாக ஆகத் தேயும். புதிதாக மஜ்ஜையிலிருந்து வந்த இளம் சிவப்பணுவில் கொஞ்சம் மிச்சமிருக்கும், நூறு நாள் ஓடிய கிழட்டுச் செல்லில் இருக்காது. அதனால் முதலில் விழுவது கிழடுகள். அவை போனபின் மஜ்ஜை அவசர அவசரமாக இளசுகளை அனுப்பும். லேசான வகைக் குறைபாட்டில் இதனாலேயே உடைவது தானாக அடங்குவதும் உண்டு. கடுமையான வகைகளில் இளசுகளிடமும் கையிருப்பு இல்லை, ஆகவே அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

உடம்பின் மற்றச் செல்கள் எப்படிச் சமாளிக்கின்றன?

அவற்றுக்கு உட்கரு இருக்கிறது. ஆகவே புதுச் சரக்குக்கு ஆர்டர் போடலாம். இது கண்டுபிடிக்கப்பட்ட கதையே சுவாரசியம். இத்தாலியில் ஃபெருச்சோ ரிட்டோசா என்பவர் பழ ஈக்களின் புழுக்களை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். யாரோ இன்குபேட்டரின் சூட்டைக் கூட்டி வைத்துவிட்டார்கள். மறுபடி பார்த்தால் குரோமோசோம்களில் புதிய இடங்கள் புடைத்திருந்தன. சூடு பட்டதும் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டன என்பது பிறகுதான் புரிந்தது. 1962இல் இதை வெளியிட்டார். அந்த மரபணுக்கள் செய்யும் புரதங்களுக்கு இன்றும் ‘வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்’ என்றே பெயர். குலைந்த புரதத்தைப் பிடித்துத் திரும்ப மடித்துவிடுவது அவற்றின் வேலை.

ஆக்சிஜன் நெருக்கடிக்கு வேறு ஏற்பாடு. நெர்ஃப்-2 என்ற புரதத்தை கீப்-1 என்ற இன்னொரு புரதம் எப்போதும் பிடித்துவைத்து அழித்துக்கொண்டே இருக்கும். ஆக்சிஜனேற்றம் கீப்-1ஐத் தொட்டதும் பிடி நழுவும். நெர்ஃப்-2 உட்கருவுக்குள் போய் குளூட்டதையோன் செய்யும் நொதிகளையும் ஜி6பிடியையும் கூடுதலாகச் செய்யச் சொல்லும். நம் சிவப்பணுவுக்குக் கிடைக்காத வசதி இதுதான்.

புரதம் மடிக்கும் இடமான எண்டோபிளாச வலைக்குள் கோணலாக மடிந்தவை குவிந்தால் அங்கே மூன்று வகை உணரிகள் மணி அடிக்கும். உடனே புதுப் புரதம் செய்வது குறையும், மடிக்க உதவுபவை கூடும், கோணல்கள் அழிக்கப்படும். அப்புறம் ஆட்டோஃபேஜி. செல் தன் உள்ளிருக்கும் பழுதை ஒரு பையில் கட்டி லைசோசோம் என்ற செரிமானப் பையில் கொட்டிக் கரைப்பது. இதன் மரபணுக்களைக் கண்டதற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் கிடைத்தது.

அப்படியானால் இந்த ஏற்பாடு எல்லாம் நல்லதுதானே?

கொஞ்ச நேரத்துக்கு நல்லது. கோஷே நோயை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் லைசோசோமுக்குப் போகவேண்டிய ஒரு நொதி கோணலாக மடிகிறது. பல வகைகளில் அது கொஞ்சம் வேலை செய்யக்கூடியதே, ஆனால் தரக்கட்டுப்பாடு அதை வழியிலேயே பிடித்து அழித்துவிடுகிறது. மணி ஓயாமல் அடிக்கிறது. நாள்கணக்கில் அடித்தால் அதே உணரிகள் ‘இந்தச் செல் தேறாது’ என்று தற்கொலைக்குக் கொடி காட்டிவிடும். மறுபக்கம், கரையாத கொழுப்பால் லைசோசோம் அடைத்துக்கொள்ள ஆட்டோஃபேஜியும் தேங்கும், பழுதான மைட்டோகாண்ட்ரியா குவியும். குப்பை வண்டி வராத தெரு எப்படி இருக்கும் என்று ரங்கூன்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

இதைப் புரிந்துகொண்டதால் மருந்தும் வந்திருக்கிறது. இதே மாதிரி லைசோசோம் நொதி ஒன்று பிசகும் ஃபாப்ரி நோயில் மிகலாஸ்டாட் என்ற கேப்ஸ்யூல், சில வகைக் கோணல் நொதிகளுக்கு முட்டுக்கொடுத்து லைசோசோம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 2016இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

சஷ்டி விரதம் இருக்கலாமா? பிள்ளை காய்ச்சலில் சாப்பிடாமல் கிடந்தால்?

ஜி6பிடி குறைபாடு மட்டும் உள்ள பெரியவர் விரதம் இருப்பதற்கு அதனால் தனித் தடை இல்லை. காய்ச்சல்தான் கவனிக்க வேண்டியது. மருந்தைவிட நோய்த்தொற்றாலேயே அதிகம் பேருக்கு ரத்தம் உடைகிறது. டைபாய்டு, நிமோனியா, மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் இதில் சேர்த்தி. தொற்றை எதிர்க்க வெள்ளணுக்கள் வீசும் பெராக்சைடு பக்கத்தில் போகும் சிவப்பணுவையும் சுடும்.

பட்டினியே எமனாகும் கோளாறுகள் வேறு இருக்கின்றன. கொழுப்பை எரிக்கும் நொதி இல்லாத எம்சிஏடி குறைபாட்டில், சர்க்கரை தீர்ந்ததும் உடம்பு கொழுப்புக்குத் தாவ முடியாமல் பிள்ளை ஒரே ராத்திரியில் மயங்கிவிடலாம். சிறுநீரில் வெல்லப்பாகு வாசனை அடிக்கும் இன்னொரு கோளாறில், சாப்பிடாத உடம்பு தன் தசையையே கரைக்கும்; அதிலிருந்து வரும் லியூசின் மூளையைத் தாக்கும். இந்த இரண்டு வகைப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் நாளில் ‘வயிற்றைக் காயப்போடு’ என்கிற நம் வீட்டு வைத்தியம் கூடவே கூடாது.

பர்மாவில் இது ஏன் இவ்வளவு?

மலேரியா. கிருமி சிவப்பணுவுக்குள் குடியிருப்பது. அதுவும் அங்கே ஆக்சிஜன் நெருக்கடியை உண்டாக்குவது. வீட்டுக்காரனே நொடித்த நிலையில் இருந்தால் குடிக்கூலிக்காரன் எப்படிப் பிழைப்பான்? அப்படித்தான், குறைபாடுள்ளவர்களுக்கு மலேரியாவில் கொஞ்சம் காப்பு இருந்து, தலைமுறை தலைமுறையாக அந்த மரபணு நிலைத்தது.

பர்மாவில் அதிகம் காண்பது மகிடோல் என்ற வகை. புரதச் சங்கிலியில் 163ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் செரின் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த நொதி உறுதியில்லாதது, சீக்கிரம் கெட்டுவிடும். நம் தமிழ்க் குடும்பங்களில் இது இருக்கலாம், இந்தியாவிலிருந்து பாட்டன் பூட்டனோடு கப்பல் ஏறிய கேரளா-கல்யாண், ஒரிசா, மெடிட்டரேனியன் வகைகளும் இருக்கலாம். ஆகவே ‘பர்மாக்காரர்களுக்கு வருவது, நமக்கு இல்லை’ என்ற பேச்சு செல்லாது. நேர்மாறான பேச்சும் செல்லாது.

மொச்சை சாப்பிடக் கூடாது என்கிறார்களே. பே பியோ? பாகற்காய்?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். ஆகாதது ஃபாவா பீன்ஸ். இந்தியில் பாக்லா என்பார்கள். இதில் உள்ள வைசின், கான்வைசின் என்ற இரண்டும் வயிற்றில் உடைந்து பெராக்சைடைக் கிளப்பும். இதைத் தமிழாக்கியவர்கள் ‘மொச்சை’ என்றும் ‘அவரை’ என்றும் போட்டுவிட்டார்கள். நம் மொச்சை வேறு செடி, அதில் வைசின் கிடையாது. பர்மியர்கள் பேஜி என்று சமைப்பதும் அந்த மொச்சைக் குடும்பம்தான். எத்தனை வீட்டில் பிள்ளைகள் பொங்கலன்று மொச்சைக் குழம்பைப் பார்த்து ஏங்கியிருக்கும்!

காலையில் ‘நான்’ ரொட்டியோடு தின்னும் பே பியோ என்ற அவித்த பட்டாணி, கடலை, துவரை, உளுந்து, டீக்கடைத் தோசை, எல்லாம் சாப்பிடலாம். கவனிக்க வேண்டியது, பெரிய தட்டைக் கொட்டையாக வறுத்து உப்புப் போட்டு வரும் சீனத் தின்பண்டம். அது ஃபாவாதான்.

பாகற்காய் விதையில் வைசின் உண்டு. குழம்பில் போட்டுத் தின்றால் ஆபத்து என்று சொல்லுமளவு ஆதாரம் இல்லை. விதையை எடுத்துவிட்டுச் சமையுங்கள் என்பேன். சர்க்கரைக்கு என்று குடிக்கும் பாகற்சாறு, பொடி, கேப்ஸ்யூல் வேண்டாம்.

பாச்சை உருண்டை, மருதாணி, கற்பூரம்?

பாச்சை உருண்டைதான் நான் மிகவும் பயப்படுவது. நாப்தலின் உடம்புக்குள் போனால் சிவப்பணுவை நேராக அடிக்கும் பொருளாக மாறுகிறது. பாட்டி டிரங்குப் பெட்டியைத் திறப்பார், வருஷக்கணக்காக உருண்டையோடு கிடந்த பழம் புடவையைக் கிழித்துத் தூளியும் துண்டும் கட்டுவார். பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்து அதிலேயே சுற்றுவார். நாப்தலின் எண்ணெயில் கரைவது, எண்ணெய்த் தோல் அதை இன்னும் எளிதாக இழுக்கும். பாட்டியிடம் சண்டை போட வேண்டாம்; துணியைத் துவைத்து, வாசனை அறவே போகும் வரை வெயிலில் போட்டு எடுங்கள். அல்லது அந்தப் பெட்டிப் பக்கமே போகாதீர்கள். வீட்டில் உருண்டை இல்லாமலிருப்பது எல்லாவற்றிலும் நல்லது.

மருதாணி நம்ப முடியாததாக இருக்கும், ஆனால் உண்மை. அதன் சிவப்புக்குக் காரணமான லாசோன், நாப்தலின் விளைபொருளுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. குறைபாடுள்ள பச்சைக் குழந்தைகளுக்குப் பூசி ரத்தம் உடைந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர் விரல் நுனியில் வைப்பது வேறு, உள்ளங்கை பாதமெல்லாம் குளிரக் குளிர அப்புவது வேறு. குறைபாடு உள்ளவர் இரண்டாவதைத் தவிர்ப்பது நல்லது.

சாமிக்கு ஏற்றும் கற்பூரம் நாப்தலின் இல்லை. ஆரத்தி எடுக்கலாம், தொட்டுக் கண்ணில் ஒற்றலாம். ஆனால் குழந்தை நெஞ்சில் தேய்ப்பதும் வாயில் படுவதும் ஆகாது. கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும், அது ஜி6பிடி இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

டெஸ்ட் எப்படிச் செய்கிறார்கள்? முடிவை நம்பலாமா?

பழைய முறை எளிமையானது. ஒரு சொட்டு ரத்தத்தை மருந்துக் கலவையில் விட்டு, உடனே ஒரு சொட்டு, 5 நிமிஷம் கழித்து ஒன்று, 10 நிமிஷம் கழித்து ஒன்று என்று வடிதாளில் வைப்போம். காய்ந்ததும் அறையை இருட்டாக்கிப் புற ஊதாக் கதிர் விளக்கடியில் பிடிப்போம். நல்ல ரத்தத்தில் இரண்டாவது, மூன்றாவது பொட்டு நிலா வெளிச்சம் மாதிரி நீலமாக ஒளிரும். குறைபாடு உள்ள ரத்தத்தில் மூன்றும் இருட்டாகவே கிடக்கும். அந்த ஒளி என்ஏடிபிஹெச்சினுடையது. இப்போது விரல் நுனி ரத்தத்தில் சில நிமிஷத்தில் எண்ணாகவே காட்டும் கையடக்கக் கருவிகளும் வந்துவிட்டன.

நம்பலாமா என்றால், எப்போது எடுத்தது என்று கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு தப்பு செய்தேன். ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்தார்கள், மலேரியா மருந்துக்குப் பின் சிறுநீர் கறுத்து ஒரு வாரம். பொட்டு ஒளிர்ந்தது, ‘சரியாக உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன். கிழட்டுச் செல்களெல்லாம் உடைந்துபோய், மிஞ்சியிருந்தது இளசுகள் மட்டும் என்பது எனக்கு உறைக்கவில்லை. மூத்தவர் ஒருவர் தாளைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னார். இருட்டு. நல்லவேளை, நடுவில் அவனுக்கு வேறு மாத்திரை யாரும் கொடுக்கவில்லை. ரத்தம் உடைந்த சமயத்திலோ ரத்தம் ஏற்றியதும் உடனேயோ எடுத்து ‘நார்மல்’ என்று வந்தால் அதை முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, சர்க்கரை நோயாளிகளுக்கு. மூன்று மாதச் சராசரி என்று எடுக்கும் எச்பிஏ1சி, சிவப்பணு முழு ஆயுள் வாழும் என்ற கணக்கில் ஓடுவது. குறைபாட்டால் ஆயுள் குறைந்திருந்தால் எண் பொய்யாகக் குறைத்துக் காட்டும். டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இது ஆம்பிளைப் பிள்ளைகளுக்கு மட்டும்தானே?

மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று, அது பிசகியிருந்தால் எல்லாச் சிவப்பணுவும் குறையுள்ளது. பெண்ணுக்கு இரண்டு. ஆனால் மேரி லயன் 1961இல் சொன்னபடி, ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒரு எக்ஸ் தூங்கிவிடும், எது தூங்கும் என்பது குருட்டாம்போக்கு. ஆகவே ஒரு பிசகு உள்ள பெண்ணின் ரத்தம் அரிசியும் உமியும் கலந்த மாதிரி. சிலருக்கு உமி கூடுதலாக அமைந்துவிடும், அவர்களுக்கும் ரத்தம் உடையும். வடிதாள் டெஸ்ட் இவர்களைத் தவறவிடும். எண் காட்டும் டெஸ்ட் கேளுங்கள்.

சொந்தத்தில் கொடுத்ததால் வந்ததா?

யாரையும் குற்றவாளியாக்க வேண்டாம். மகனுக்கு வருவது அம்மாவின் எக்ஸ்ஸிலிருந்து, அப்பா யாராக இருந்தாலும் அது மாறாது. மகள் முழுக் குறைபாட்டோடு பிறக்க வேண்டுமானால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும், அங்கே சொந்தக் கல்யாணம் வாய்ப்பைக் கூட்டும்.

கோஷே, எம்சிஏடி மாதிரியானவற்றில் கதை வேறு. அங்கே இரண்டு பிரதியும் பிசகினால்தான் நோய். அத்தை மகன், மாமன் மகளுக்குள் எட்டில் ஒரு பங்கு மரபணு பொது. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டினால் நாலில் ஒரு பங்கு. பர்மாவில் நம் ஆட்கள் கொஞ்சம் பேர், ஊர் ஊராகச் சிதறியவர்கள். ‘சொந்தம் இல்லை’ என்று நினைத்துச் செய்யும் சம்பந்தத்திலும் நாலு தலைமுறைக்கு முன் ஒரே வீடாக இருக்கும்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள். இளவெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. குறைபாடுள்ள குழந்தைக்கு ரத்தமும் உடையும், அதிலிருந்து வரும் மஞ்சள் பொருளான பிலிருபினை வெளியேற்றும் கல்லீரலும் இன்னும் தயாராகியிருக்காது. அளவு மிஞ்சினால் பிலிருபின் மூளையில் படிந்து காது கேளாமை, கைகால் முறுக்கம் என்று ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி. அங்கே நீல விளக்கடியில் வைப்பார்கள், மிஞ்சினால் ரத்தம் மாற்றுவார்கள். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் பிள்ளைக்கு ஆகாத மருந்தையும் ஃபாவாவையும் தாயும் தொடக் கூடாது.

மலேரியா வந்தால் ப்ரைமாகுயின் போடவே கூடாதா?

இந்தக் குறைபாடு கண்டுபிடிக்கப்பட்டதே ப்ரைமாகுயினால்தான். அந்த மாத்திரையால் சிலருக்கு மட்டும் ஏன் ரத்தம் உடைகிறது என்று தேடிப் போய், 1956இல் கார்சனும் கூட்டாளிகளும் ஜி6பிடியில் வந்து நின்றார்கள்.

வைவாக்ஸ் மலேரியா கல்லீரலில் தூங்கிக்கொண்டு மறுபடி மறுபடி எழும். அதை அங்கே போய் அடிக்க ப்ரைமாகுயின், டாஃபெனோகுயின் இரண்டுதான் உண்டு. தினமும் 14 நாள் சாப்பிடும் முறை கடுமையான குறைபாடு உள்ளவருக்கு ஆகாது. அவர்களுக்கு வாரம் ஒரு முறை, எடைக்கு ஏற்ற அளவில், 8 வாரம், டாக்டர் கண்காணிப்பில் கொடுக்கும் வழியை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே டோஸில் முடியும் டாஃபெனோகுயின் உடம்பில் வாரக்கணக்கில் தங்கும், திருப்பி எடுக்க முடியாது. ஆகவே நொதி அளவு 70 சதவீதத்துக்கு மேல் என்று அளந்து பார்த்தபின்தான் தருவார்கள். ஃபால்சிபாரம் மலேரியாவில் பரவலைத் தடுக்கத் தரும் ஒரே ஒரு சிறு டோஸ் ப்ரைமாகுயினுக்கு டெஸ்ட் கட்டாயமில்லை. ‘ஆகாது’ என்று மருந்தைத் தூக்கியெறிந்துவிட்டு, வருஷத்துக்கு நாலு தடவை குளிர்காய்ச்சலில் நடுங்கினாலும் ரத்தச் சோகைதான் வரும்.

சத்து மாத்திரை போட்டுச் சரிசெய்ய முடியாதா? வைட்டமின் சி நல்லதாமே?

நொதியைத் திரும்பக் கொடுக்கும் மாத்திரை கடையில் இல்லை. முடங்கிய ஜி6பிடியை நிமிர்த்தும் மூலக்கூறுகள் இன்னும் ஆய்வுக்கூட நிலையில் இருக்கின்றன. நெல்லிக்காயும் எலுமிச்சையும் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஊசி வழியாக அதிக அளவில் ஏற்றும் வைட்டமின் சி மட்டும் எதிர்த்திசையில் திரும்பி சிவப்பணுவை உடைக்கும். களைப்புக்கு என்று டிரிப் ஏற்றும் கிளினிக்குகளில் இது நடக்கக்கூடும், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பர்ஸில் என்ன எழுதி வைக்க வேண்டும்?

பெயர், ரத்த வகை, ‘ஜி6பிடி குறைபாடு’, அளவு தெரிந்தால் எண், டெஸ்ட் எடுத்த தேதி. அதன் கீழே ஆகாத மருந்துகள்: ப்ரைமாகுயின், டாஃபெனோகுயின், டாப்சோன், நைட்ரோஃபியூரான்டாயின், மெத்திலீன் ப்ளூ, ராஸ்புரிகேஸ். டாப்சோன் தொழுநோய்க்குத் தருவது. மெத்திலீன் ப்ளூ வேலை செய்வதற்கே என்ஏடிபிஹெச் வேண்டும் என்பதால் இங்கே பலனும் தராது, கெடுதலும் செய்யும். பாராசிட்டமால் வழக்கமான அளவில் போடலாம், அதையும் எழுதிவிடுங்கள். இல்லாவிட்டால் காய்ச்சலுக்கு ஒன்றுமே கொடுக்காமல் பயந்து உட்கார்ந்திருப்பார்கள்.

நாலைந்து மாத்திரையை அட்டையிலிருந்து கத்தரித்துக் கலந்து பொட்டலமாகத் தரும் கடைகளில் வாங்காதீர்கள். உள்ளே என்ன என்று கடைக்காரப் பையனுக்கே தெரியாது. பர்ஸில் வைக்கும் அட்டையைத் தமிழில் மட்டும் எழுதி வைத்த ஒரு குடும்பம் எனக்குத் தெரியும். பையன் மயங்கி விழுந்தபோது அதைப் படிக்க அந்த வார்டில் ஆள் இல்லை. ஒரு பக்கம் பர்மியம், மறுபக்கம் இங்கிலீஷ். தமிழை அடியில் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம், பாட்டிக்காக.